கருவாட்டுச் சிவப்பும் அப்பத்தாவின் சுருக்குப்பையும்

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் தேவகோட்டை வீட்டில் அம்மா பரணிலிருந்து கருவாட்டுப் பானையை இறக்கினார். கோடையில் தொண்டியிலிருந்து கூடையில் கொண்டுவந்தவரிடம் வாங்கி வைத்த சீலாக் கருவாடு. மேலாக இருந்த இரண்டு துண்டுகளில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. "செவந்து போச்சுடா, மழக்காத்து பட்டிருச்சு" என்றார். மழைக்காற்று என்பது பாதி சரி. மீதிப் பாதி, அந்தச் சிவப்புக்கு உயிர் இருக்கிறது.

உப்பில் எதுவும் பிழைக்காது என்ற நம்பிக்கையில்தான் கருவாடு போடுகிறோம், உப்புக்கண்டம் போடுகிறோம், ஊறுகாய் போடுகிறோம். பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு அது உண்மை. ஆனால் உப்பு இல்லாவிட்டால் செத்துப்போகும் ஒரு கூட்டமும் உண்டு. கடல்நீரில் 100க்கு மூன்றரைப் பங்கு உப்பு இருக்கிறது. ஹாலோபாக்டீரியம் போன்றவற்றுக்கு அது போதாது, 20, 25 பங்கு இருந்தால்தான் செழித்து வளரும். வாலிநோக்கம், தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களில் உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் தண்ணீர் சிவந்து கிடப்பதற்கு இந்தக் கூட்டமும் ஒரு காரணம். தண்ணீர் வற்றி உப்பு கட்டியாகும்போது கல்லுக்குள் சிக்கும் துளி நீரில் இவை அப்படியே அடைபட்டுக் கிடக்கும். அந்த உப்பு மீன் மேல் ஏறும், மீன் பானைக்குள் போகும், மழை நாளில் உப்பு கசியும். கசிந்த உப்புநீர் ஒரு மெல்லிய படலமாக நின்றால் போதும், விழித்துக்கொண்டு பெருக ஆரம்பித்துவிடும். கேரட்டுக்கு நிறம் தரும் பொருளின் உறவுக்கார நிறமி ஒன்று இவற்றின் சவ்வில் இருக்கிறது. பானையில் தெரிந்த ரோஜா நிறம் அதுதான்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவன். சும்மா இருப்பேனா? அந்தப் படலத்தைக் குச்சியால் சுரண்டி மறுநாள் பள்ளிக்கு எடுத்துப் போனேன். கண்ணாடித் துண்டில் வைத்து வழக்கம்போல ஒரு சொட்டு குழாய்த் தண்ணீர் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் திருகித் திருகிப் பார்த்த பிறகுதான் என் மடத்தனம் உறைத்தது. இவை உடம்புக்குள் பொட்டாசியத்தை நிறைத்து வைத்து வெளியே இருக்கும் உப்புக்கு ஈடுகொடுப்பவை. மேல்சட்டை வெறும் புரத வலை. உப்பு இருக்கும்வரைதான் அது நிற்கும். நல்ல தண்ணீர் பட்டால் நீர் உள்ளே பாய்ந்து வெடித்துவிடும். பார்க்க நினைத்த அத்தனையையும் நானே கொன்றிருந்தேன். அடுத்த தடவை கல்லுப்பைக் கரையுமட்டும் கரைத்து, அதில் ஒரு சொட்டு விட்டேன். பெரிய லென்ஸில் பொடிப்பொடியாகக் குச்சிகள் தெரிந்தன, அவ்வளவுதான். ஒரு செல் இரண்டு செல்லாகப் பிரிவதைப் பார்க்க நம் பள்ளி மைக்ராஸ்கோப் பத்தாது. ஆனால் அந்தப் பிரிவு பற்றித்தான் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் சுவாரசியமான விஷயங்கள் வெளிவந்திருக்கின்றன.

முதலில் இவை யார் என்று சொல்லிவிடுகிறேன். பழைய பாடப்புத்தகங்களில் ஆர்க்கிபாக்டீரியா என்று போட்டிருக்கும். பெயரைப் பார்த்தால் பாக்டீரியாவில் ஏதோ பழைய ரகம் என்று தோன்றும். 1977இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வை உயிருக்கு உயிர் ஒப்பிட்டுப் பார்த்து, இது பாக்டீரியாவே இல்லை, தனிக் குடும்பம் என்றார்கள். 1990இல் வோஸும் சகாக்களும் உயிர்களை பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என மூன்றாகப் பிரித்தபோது பெயரிலிருந்து 'பாக்டீரியா' கழன்றது. யூகேரியா என்றால் உட்கரு உள்ள உயிர்கள்: நாம், மாடு, வேப்பமரம், இட்லி மாவில் இருக்கும் ஈஸ்ட் எல்லாம். ஆர்க்கியாவுக்கு உட்கரு கிடையாது. உருவத்தில் பாக்டீரியா மாதிரிதான். ஆனால் மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தால் நம்முடையதைப் போல இருக்கிறது. முகம் ஒரு வீட்டுச் சாயல், குணம் இன்னொரு வீட்டுச் சாயல்.

அப்படியானால் பிரியும்போது எந்த வீட்டு வழக்கம்?

பாக்டீரியாவின் வழக்கம் நன்றாகத் தெரிந்தது. செல்லின் நடுவில் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் இழை இழையாகச் சேர்ந்து உட்பக்கமாக ஒரு வளையம் கட்டும். அந்த வளையம் வழிகாட்ட, புதுச் சுவர் உள்நோக்கி வளர்ந்து செல்லை இரண்டாகப் பிரிக்கும். நம் செல்களின் வழக்கம் வேறு. ஆக்டின், மயோசின் என்ற தசைப் புரதங்கள் வளையமாகி இடுப்பை இறுக்கும். கடைசியில் இரண்டு செல்லுக்கும் நடுவே ஒரு நூல்போலப் பாலம் மிஞ்சும். அதை அறுப்பதற்கு எஸ்கார்ட்-III என்று தனியாக ஒரு புரதக் கூட்டம் வரும்.

ஆர்க்கியா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஆர்க்கியாவுக்குள்ளேயே குடும்பம் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பாக்டீரியாவின் வளையத்தை வைத்திருக்கிறது, இன்னொரு கிளை நம்முடைய கடைசி அறுப்புக் கருவியை வைத்திருக்கிறது.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்ல, என் அப்பத்தாவின் சுருக்குப்பையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றிலை, பாக்கு, நாலு சில்லறை, மடித்த பத்து ரூபாய் எல்லாம் அதில்தான் இருக்கும், இடுப்பில் செருகியிருப்பார். பையின் வாயை ஒட்டி ஒரு மடிப்புத் தைத்து, அதற்குள் கயிறு ஓடும். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, மடிப்பு பிரிந்துபோனால் கயிறு மட்டும் கையோடு வரும், பை சுருங்காது. கயிற்றைத் துணியோடு பிணைக்க ஏதாவது வேண்டும். இன்னொன்று, எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் ஒரு சின்ன ஓட்டை மிஞ்சும். சுருக்குவது வேறு, அறுப்பது வேறு.

உப்பு விரும்பிகள் எஃப்டிஎஸ்-இசட் கிளை. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படுவது சாக்கடலிலிருந்து எடுக்கப்பட்ட ஹாலோஃபெராக்ஸ் வோல்கானி. சாக்கடலில் உயிர் இருக்கிறது என்று 1930களில் காட்டிய பெஞ்சமின் வோல்கானியின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். பாக்டீரியாவுக்கு வழக்கமாக ஒரு எஃப்டிஎஸ்-இசட் போதும், இதற்கு இரண்டு. எதற்கு இரண்டு என்பது 2021இல்தான் தெளிவானது. சிட்னியில் இயன் டக்கினின் குழு ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தது. முதலாவது வளையத்துக்கு மேடை போடுகிறது, இரண்டாவது நிலையாக உட்கார அதுதான் இடம் தருகிறது, செல்லின் உருவத்திலும் கை வைக்கிறது. சுருக்கும் வேலை முக்கியமாக இரண்டாவதுடையது. வளையத்தைச் சவ்வோடு பிணைக்கும் மடிப்பாக செப்-எஃப் என்ற புரதம் இருக்கிறது. அதையும் அதே ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. இரண்டு எஃப்டிஎஸ்-இசட்டையும் எடுத்துவிட்டாலும் ஹாலோஃபெராக்ஸ் சாவதில்லை. ஒழுங்காகப் பிரிய முடியாமல் ஊதிக்கொண்டே போகிறது, உள்ளே டி.என்.ஏ. படியெடுப்பு நிற்காமல் நடக்கிறது, அப்புறம் அங்கங்கே பிய்ந்தும் குமிழ் விட்டும் எப்படியோ பெருகிவிடுகிறது. வளையம் போனால் வாழ்க்கை போயிற்று என்றில்லை. அதன் உடம்பில் மரபணுத் தொகுதி ஒன்றிரண்டு அல்ல, சுமார் 20 பிரதிகள் இருக்கும். அதனால் பிய்ந்த துண்டு எதுவாக இருந்தாலும் ஒரு பிரதியாவது அதில் போய்ச் சேர வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். 2025இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பிசனின் குழு இன்னும் ஒரு படி போனது. இதே ஹாலோஃபெராக்ஸை மேலிருந்து அழுத்தினால் பிரிவதை நிறுத்திவிட்டு ஒரே செல்லாக விரிகிறது, பிறகு ஒரே நேரத்தில் உள்ளுக்குள் பல அறைகளாகத் தடுத்துக்கொண்டு திசு மாதிரி ஒட்டி நிற்கிறது. கருவாடு போடுகிறவர்கள் தொட்டியில் மீனையும் உப்பையும் அடுக்கி மேலே பாறாங்கல்லை ஏற்றுவார்களே, அந்தக் கல்லுக்கு அடியில் என்னென்ன நடக்கிறதோ!

இந்தக் கிளையில் சதுரமாக ஒன்று இருக்கிறது. 1980இல் சினாய் பகுதி உப்புக் குட்டை ஒன்றில் ஆந்தனி வால்ஸ்பி பார்த்தது. பிற்பாடு அவர் பெயரையே வைத்து ஹாலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியி என்றார்கள். பக்கவாட்டில் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம், கனமோ ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒருமுறை குறுக்கே பிரிந்தால் அடுத்தமுறை நெடுக்கே. பிரிந்தவை ஒட்டியே நின்றால் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை மாதிரி இருக்கும். பூ வேலைதான் இல்லை.

மீத்தேன் விடும் ஆர்க்கியாவும் பெரும்பாலும் இதே எஃப்டிஎஸ்-இசட் பக்கம்தான். ஊருணியில் தண்ணீர் குறைந்த காலத்தில் சேற்றில் கால் வைத்தால் குமிழ் குமிழாக வரும் வாயுவும், சாண எரிவாயுத் தொட்டியில் அடுப்புக்கு வருவதும், மாடு ஏப்பமாக விடுவதும் இவற்றின் கைங்கரியம். இவற்றில் ஒரு வகைக்குக் கெட்டியான சுவர் உண்டு. அவை பாக்டீரியா போலவே நடுவில் தடுப்புச் சுவர் எழுப்பிப் பிரிகின்றன. அவற்றுக்கு எஃப்டிஎஸ்-இசட் இரண்டு கிடையாது, ஒன்றே ஒன்றுதான்.

இப்போது மற்ற கிளை. இதற்கு உப்பை விட்டுவிட்டு அடுப்புக்குப் போக வேண்டும். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய எலுமிச்சை ரசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடும் அந்தப் புளிப்பும் சேர்ந்த இடம்தான் சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸுக்கு ஊர். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் கந்தக ஊற்றுகளில் தாமஸ் பிராக்கும் உடன் இருந்தவர்களும் கண்டெடுத்து 1972இல் பெயர் வைத்தார்கள். 75, 80 டிகிரி வெப்பம், எலுமிச்சைச் சாறளவு அமிலம். ஒரு மைக்ரான் அளவுள்ள உருண்டை, சவ்வைத் தவிர ஒரு புரதச் சட்டை, அவ்வளவுதான் உடம்பு.

இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது எஃப்டிஎஸ்-இசட் கிடைக்கவில்லை. பிறகு எதை வைத்துப் பிரிகிறது? 2008இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக விடை கண்டன. பிரியும் நேரத்தில் மட்டும் வேலைக்கு வரும் சில புரதங்களுக்கு சிடிவி-ஏ, சிடிவி-பி, சிடிவி-சி என்று பெயர். அதில் பி என்பது நம் எஸ்கார்ட்-IIIஇன் சொந்தக்காரன். சி என்பது எஸ்கார்ட் இழைகளைக் கழற்றிப் போடும் நம் புரதத்தின் சொந்தக்காரன். ஏ மட்டும் இதன் சொந்தச் சரக்கு. சவ்வில் முதலில் போய் ஒட்டி மற்றவற்றுக்கு இடம் பிடிப்பது, அதாவது சுருக்குப்பையின் மடிப்பு.

ஆனால் இந்த வளையம் எப்போது இறுகுவது என்று எது முடிவு செய்கிறது? 2020இல் பிரிட்டனில் பஸ் பாம் என்ற ஆய்வாளரின் குழுவும் கூட்டாளிகளும் அதைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சொல்வதற்கு முன் ஒரு கொல்லுப்பட்டறைக் காட்சி. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்தவர்கள் இப்போது குறைந்துபோனார்கள். சக்கரத்தைவிட ஒரு நூல் சிறிதாக இரும்புப் பட்டையை அடித்து, வரட்டியை அடுக்கிச் சுற்றிலும் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். விரிந்த பட்டையை இடுக்கியால் தூக்கி மர வட்டையின் மேல் இறக்கித் தண்ணீரை ஊற்றினால் சுஸ்ஸென்று ஆவி கிளம்பும், இரும்பு சுருங்கும், மரம் முறுக்கென்று ஒரு சத்தம் போடும். இரும்பு இன்னும் சுருங்கத்தான் பார்க்கும், மரம் விடாது. அந்த இழுபறிதான் சக்கரத்தின் பலம்.

சல்ஃபோலோபஸில் முதலில் சிடிவி-பி வளையம் செல்லின் இடுப்பளவு அகலத்தில் அமைகிறது. அது மர வட்டை, தானாகச் சுருங்காது. அதன் மேல் சிடிவி-பி1, பி2 என்ற இன்னும் இரண்டு உறவுப் புரதங்கள் வளையமாகின்றன. அவைதான் இரும்புப் பட்டை. சுருங்கப் பார்க்கின்றன, உள்ளிருக்கும் பி விடவில்லை. வேளை வந்ததும் செல்லின் குப்பை அரவை இயந்திரமான புரோட்டியசோம் வந்து பி-யை மட்டும் தேடி அரைத்துத் தின்கிறது. சக்கரத்தில் மரத்தை மட்டும் கறையான் தின்றுவிட்டால் பட்டை என்ன ஆகும்? தடை போன பி1, பி2 வளையம் சவ்வையும் இழுத்துக்கொண்டு சுருங்குகிறது, சுருங்கச் சுருங்கக் கழன்று விழுகிறது, கடைசியில் ஓட்டை அடைபட்டு இரண்டு செல்லாகிறது. இங்கேதான் சுருக்குப்பை உவமை தோற்றுப்போகிறது. இந்தக் கயிறு பையைச் சுருக்குவதோடு அறுத்தும் விடுகிறது.

இதை எப்படிச் சோதித்தார்கள் என்பது இன்னும் அழகு. புரோட்டியசோமை முடக்கும் மருந்து ஒன்று உண்டு, பெயர் போர்ட்டிசோமிப். மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு மருத்துவமனைகளில் கொடுப்பதுதான். அதைக் கந்தக ஊற்று உயிரிக்குக் கொடுத்தார்கள். வளையம் கட்டி முடித்த செல்கள் இறுக்காமல் அப்படியே நின்றுவிட்டன, பி அழியவில்லை. மருந்தைக் கழுவி எடுத்ததும் எல்லாம் ஒரே சமயத்தில் பிரியத் தொடங்கின. மனிதப் புற்றுநோய்க்குச் செய்த பூட்டு கொதிநீர்க் கிருமிக்கும் பொருந்துகிறது என்றால் இரண்டு கதவையும் செய்த ஆசாரி ஒருவர்தான்.

கொதிக்கும் அமிலத்தில் இருப்பதை உயிரோடு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் லேசுப்பட்டதல்ல. லென்ஸ் சூடாகி ஃபோகஸ் நகரும், தண்ணீர் ஆவியாகிப் போகும். பாமின் குழு 75 டிகிரியில் வைத்துப் படமெடுக்கத் தனியாக ஒரு சூட்டு அறையைச் செய்து அதற்கு சல்ஃபோஸ்கோப் என்று பெயர் வைத்தது. மூடிக்கும் சூடு ஏற்றினால்தான் ஆவி மூடியில் படியாது. இட்லிக் குண்டான் மூடியைத் திறந்தவர்களுக்கு இது புரியும். அதில் பார்த்தபோது பி1 இல்லாத செல்கள் சில சமயம் பிரிய முடியாமல் தோற்றன; பி2 இல்லாதவை பிரிந்தன, ஆனால் ஒரு பிள்ளை பெரிசு, ஒன்று சிறிசு. இரண்டும் ஒரே வேலையை ஆளுக்குப் பாதியாகச் செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நம் உடம்பில் இதே எஸ்கார்ட் என்ன செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். செல் பிரியும்போது கடைசி நூலை அறுப்பதில் இதற்குப் பங்கு உண்டு என்று 2007இல் காட்டினார்கள். செல்லுக்குள் வேண்டாத புரதங்களைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுவதும் இதன் வேலை. எச்.ஐ.வி. செல்லை விட்டு வெளியேறும்போது தன் கழுத்தை அறுத்துக்கொள்ள இந்தக் கருவியைத்தான் கடன் வாங்குகிறது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, சவ்வின் கழுத்துக்குள் இருந்துகொண்டே அந்தக் கழுத்தை அறுப்பது. பலூன் வாயை வெளியே இருந்து நூல் போட்டுக் கட்ட யாருக்கும் தெரியும். உள்ளே உட்கார்ந்துகொண்டு அறுக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

சரி, கந்தக ஊற்றின் சாமான் நம் வீட்டுக்கு எப்படி வந்தது? நம் மூதாதை செல் ஆர்க்கியாவின் ஒரு கிளையிலிருந்து கிளம்பியது என்று இப்போது பெரும்பாலோர் ஏற்கிறார்கள். 2015இல் வட அட்லாண்டிக் கடலடிச் சேற்றிலிருந்து லோக்கி ஆர்க்கியாவின் மரபணுக்கள் கிடைத்தபோது அதற்குள் எஸ்கார்ட் பாகங்கள் வரிசையாக இருந்தன. அந்த உறவுக் கூட்டத்துக்கு ஆஸ்கார்ட் என்று பெயர் (எஸ்கார்ட் புரதத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஆனால் அப்போது உயிரோடு ஒன்றையும் யாரும் வளர்த்திருக்கவில்லை. ஜப்பானில் ஹிரோயுகி இமாச்சியின் குழு 2006இல் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த சேற்றை, ஸ்பாஞ்சு தொங்கவிட்ட தொட்டியில் மீத்தேன் ஊட்டி 2,000 நாட்களுக்கு மேல் வைத்திருந்தது. அதிலிருந்து பிரித்து வளர்த்து, 2020இல்தான் உலகுக்குக் காட்டியது. அது ஒருமுறை இரண்டாக 14 முதல் 25 நாள் எடுத்துக்கொள்கிறது. சல்ஃபோலோபஸுக்கு அதே காரியத்துக்கு மூன்று, நாலு மணி நேரம். இந்த ஜப்பான் ஆர்க்கியாவிடம் எஃப்டிஎஸ்-இசட்டும் இருக்கிறது, எஸ்கார்ட்டும் இருக்கிறது. பாகப்பிரிவினைக்கு முந்திய பெரிய வீடு மாதிரி, எல்லாப் பாத்திரமும் ஒரே உக்கிராணத்தில்.

கொதிநீர் ஆர்க்கியாவிலேயே தெர்மோப்ரோட்டியஸ் என்றொரு வகை உண்டு. அதன் மரபணுத் தொகுதியில் எஃப்டிஎஸ்-இசட்டும் இல்லை, சிடிவி-பி வளையமும் இல்லை. ஆனாலும் பெருகிக்கொண்டுதான் இருக்கிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், இதத் திங்கலாமா வேணாமா?" என்றார். மனிதருக்கு நோய் தரும் ஆர்க்கியா என்று உறுதியாக ஒன்றும் இதுவரை பிடிபடவில்லை, ஆனால் அது வளரும் அளவுக்கு ஈரம் ஏறியிருந்தால் வேறு கிருமிக்கும் இடம் கிடைத்திருக்கும் என்றேன். அம்மா துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். செவந்த இரண்டையும் கொல்லையில் வீசிவிட்டு, அடியிலிருந்த நல்லதை மூன்று தண்ணீர் மாற்றி அலசினார். முதல் தண்ணீர் மட்டும் லேசாக ரோஜா நிறத்தில் ஓடியது.